தொட்டிக்காரர் வீட்டுத் தொட்டி

சாப்பிட்டுக்கொண்டே இந்தத் தொடரைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள், இந்த வாரம் மட்டும் தட்டைக் காலி செய்து கை கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். முன்கூட்டியே சொல்லவில்லை என்று பிறகு என்னைத் திட்டிக் கடிதம் போடக்கூடாது.

தொட்டிக்காரரை உங்களுக்குத் தெரியும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவுவது அவர் தொழில். முப்பத்தோரு வருஷமாக அதுதான். தெருவில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் எவரும் விழிப்பார்கள். தொட்டிக்காரர் என்றால் தவழும் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

ஏழு மாதத்துக்கு முன்பு, தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். ராத்திரி முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மூச்சு மிஷினை டாக்டர் எழுதிக் கொடுத்தார். மிஷின் வந்தது, வைக்கத்தான் இடமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மனைவியின் தையல் மிஷின் நின்றுகொண்டிருந்தது. மனுஷர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அதைத் தூக்கித் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் வாயை மூடியவள்தான். ஊரோடு பேசுவாள், பால்காரரோடு பேசுவாள், அவரோடு மட்டும் பேசமாட்டாள். படுக்கையையும் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டி பேச்சு எல்லாம் மகள் வழியாகத்தான். "உங்கப்பாவை சாப்பிட வரச்சொல்லு." "உங்கம்மாகிட்ட எனக்குப் பசிக்கலைன்னு சொல்லு." மூவரும் மூன்றடி இடைவெளியில் நின்றுகொண்டிருப்பார்கள். தொட்டிக்காரரின் தம்பி அவளுக்குத் தபால் என்றே பெயர் வைத்துவிட்டார்.

போன வாரம் டாக்டர் போட்ட குண்டும் நினைவிருக்கும். நாலு மாதத்தில் மூன்றாவது முறையாக நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். "தொட்டிக்குள்ள இருக்கற பாசி, பூஞ்சை எல்லாம் மூச்சோட உள்ள போகுது போல. இந்த வேலையை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். மோட்டார், ஏணி, தேய்ப்பான்கள் எல்லாவற்றையும் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பதாகத் தொட்டிக்காரரும் ஒப்புக்கொண்டார். தம்பி வண்டியோடு வரப்போவது இன்று சாயங்காலம் நாலு மணிக்கு.

காலை எட்டு மணிக்கே அவர் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்துவிட்டார். நீளக் கழித் தேய்ப்பான், குட்டைத் தேய்ப்பான், மூலைக்கு ஒன்று, குழாய் வாய்க்கு ஒன்று. ஒவ்வொன்றையும் சோப்பு நுரையில் முக்கிக் கழுவி வெயிலில் வரிசையாக வைத்தார். நடுநடுவே இருமினார். இருமல் அடங்க, தொடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். கட்டிக்கொடுக்கும் பெண்ணுக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி அந்தத் தேய்ப்பான்களைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்க்க மகளுக்குப் பொறுக்கவில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். இன்று அவளுக்கு வார விடுமுறை.

அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு அரைநாள் வேலை. மகள் அவள் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னும் மூக்கு மேல சிவப்பா தடம் விழுதேம்மா. ரெண்டு தடவை சரிபண்ணிக் கொடுத்தேன்."

"விடுடி. கண்ணாடின்னா தடம் விழத்தான் செய்யும்."

"விரல் எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சு." போன மாதம் தைத்துக்கொண்டே கண் அசந்துபோய் ஊசியை விரலில் இறக்கிக்கொண்டவள் அவள். சொல்லும்போதே துவாலையை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள். "தூசி. சீலைத் துணியில ஒரே தூசி. உங்கப்பாகிட்ட மாத்திரையைப் போட்டுக்கச் சொல்லு."

"அப்பா, மாத்திரையாம்."

"போட்டாச்சுன்னு சொல்லு."

"போட்டாச்சாம்."

அம்மா போய்விட்டாள். மகள் அப்பாவின் அறையைக் கூட்டப் போனாள். ஜன்னல் திறந்தே இருந்தது. ஆனாலும் ஒரு நாற்றம் இருந்தது. வாடிய பூவை ஜாடியில் ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டால், அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது வருமே, அது. தலையணையை முகர்ந்தாள். அழுக்குத்தான், ஆனால் அது இல்லை. மெத்தையைத் தூக்கினாள். அதுவும் இல்லை. குனிந்து மூச்சு மிஷின் பக்கம் மூக்கைக் கொண்டுபோனாள். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இந்த மிஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. காற்றை அழுத்தி ஒரு குழாய் வழியாக முகத்துக்கு அனுப்பும். மூக்கு காய்ந்துவிடாமல் இருக்க, அந்தக் காற்று ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியின் மேல் தவழ்ந்து வரும். ஒன்றரை டம்ளர் பிடிக்கும். கறுப்புக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. மேலே ஒரு குட்டித் துவாரம்; மூடியைத் திறக்காமலே அது வழியாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். இந்தத் துவாரத்தைக் கண்டுபிடித்த புண்ணியவானை நான் நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

மகள் தொட்டியை வெளியே இழுத்தாள். மூடியை நெம்பினாள். அது திறக்காமல் அடம்பிடித்தது. பிறகு, ஒட்டியிருந்த ஏதோ பிரிகிற மாதிரி சளக்கென்று ஒரு சத்தத்தோடு திறந்தது.

அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. அதற்கு மேலே, சுற்றுச்சுவர் முழுக்க, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கோழை. மூடியின் உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள், மிளகைத் தூவின மாதிரி. தண்ணீரின் மேல் ஆடை கட்டியிருந்தது. அவள் தொட்டியைச் சாய்த்தபோது ஆடை சுருங்கி மறுபடி விரிந்தது. மூடியில் இருந்து தொட்டிக்கு ஒரு நூல் தொங்கியது. இழுத்தால் நீண்டது, அறுபடவில்லை.

குழாயைத் தூக்கிப் பார்த்தாள். மடிப்பு மடிப்பாக இருந்த அதன் வயிற்றில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடியது. கொஞ்சம் அவள் மணிக்கட்டில் வழிந்தது, வழவழவென்று இருந்தது. மிஷினின் பின்புறம் காற்றை வடிகட்டும் பஞ்சுத் துண்டு வெள்ளையாக இருக்கவேண்டியது; செத்த எலியின் தோல் மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தது. முகத்தில் மாட்டும் மாஸ்கின் ரப்பர் விளிம்பு மட்டும் யாரோ துடைத்த மாதிரி பளபளத்தது. விளிம்பைப் பிரித்துப் பார்த்தால் மடிப்புக்குள் அதே கறுப்புப் புள்ளி, அப்பாவின் தாடி மயிர், எண்ணெய்ப் பிசுக்கு.

இதைத்தான் அந்த மனுஷர் ஏழு மாதமாக, ராத்திரி முழுக்க, மூக்கையும் வாயையும் கொடுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். அதுவும் சும்மா இல்லை, காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிற மிஷின் வைத்து. மகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் இரண்டு கையையும் முழங்கை வரை தேய்த்தாள். வழவழப்பு போய்விட்ட பிறகும் தேய்த்தாள்.

அப்புறம்தான் அவளுக்கு அந்த வெள்ளைத் துணி நினைவுக்கு வந்தது.

தொட்டிக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், வேலையை ஆரம்பிக்கும் முன்பு சாண் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணி எடுப்பார். தொட்டிக்குள் இறங்கி உள்சுவரை ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். மேலே வந்து அதை வீட்டுக்காரர் உள்ளங்கையில் விரித்து வைப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். தண்ணீர் நல்லாத்தானே வருது, ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு பேச்சு எழாது. அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ரகசிய சந்தோஷம். மாலையில் வீட்டில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மகள் அவர் பையில் இருந்தே ஒரு வெள்ளைத் துணியை எடுத்தாள். தொட்டிக்குள் விட்டு ஒரே இழுப்பு. கொல்லைக்கு வந்து, அவர் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பி அதில் விரித்து வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

தொழில்காரர் அல்லவா, முதலில் அவர் கண்தான் வேலை செய்தது. துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலால் உரசிப் பார்த்தார். முகர்ந்தார்.

"இது மாடித் தொட்டி இல்லையே. வெயில் படாத இடம். சூடும் இருந்திருக்கு." உதட்டைப் பிதுக்கினார். "எப்படித்தான் இதுல வாயை வைக்கறாங்களோ. எந்த வீட்டுல எடுத்துட்டு வந்தே? கழுவி ஒரு வருஷம் இருக்குமா?"

"ஏழு மாசம்."

"எந்த வீடு?"

"உங்க கட்டிலுக்குப் பக்கத்துல."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் துணியைக் கீழே போட்டார். எழுந்தார். சாக்கடை வரை போகமுடியவில்லை. கழுவி வரிசையாக வைத்திருந்த தேய்ப்பான்களுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார். முப்பத்தோரு வருஷத்தில் செத்த பல்லி, புறா, ஒரு தடவை பூனைக்குட்டி என்று கையால் அள்ளிப் போட்ட மனுஷர். ஒரு நாளும் அவருக்கு இப்படி ஆனதில்லை.

மகள் தண்ணீர் கொடுத்தாள். கொப்பளித்தார். மறுபடி கொப்பளித்தார். தொண்டைக்குள் விரலை விட்டு எதையோ வழித்தெடுக்கப் பார்த்தார்.

"உங்கம்மா கழுவறான்னுதானே இருந்தேன்."

"அவ கழுவறேன்னு சொன்னாளா?"

"அவ எங்கே எங்கிட்ட சொன்னா? சாயங்காலம் வந்து அசைச்சுப் பார்த்தா தண்ணி ரொம்பியிருக்கும். ஊத்தறவ கழுவித்தானே ஊத்துவா? குளியலறைக் கல்லைப் பல்தேய்க்கற பிரஷ் வச்சுத் தேய்க்கறவ."

"ஏழு மாசத்துல ஒரு தடவைகூட மூடியைத் திறந்து பார்க்கலையாப்பா?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். கோபத்தில் மகளுக்குக் கண் கலங்கியது. அடுத்தவன் தொட்டியில் ஒரு தூசி இருந்தால் கையில் விரித்துக் காட்டுகிற மனுஷர்.

"மாஸ்கையாவது துடைச்சீங்களே."

"நான் எங்கே துடைச்சேன்? கழட்டி வைப்பேன், அவ்வளவுதான்."

மகளுக்கு இது கொஞ்சம் இடித்தது. ஆனால் நேரமில்லை. மிஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, அப்பாவையும் கிளப்பிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, தூரத்து டவுனில் மிஷின் வாங்கின கடைக்குப் போனாள்.

கடையில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். நறுக்கென்று பேசுகிறவள். பையைப் பிரித்தவள், உடனே மறுபடி கட்டினாள். கையுறை மாட்டினாள். தன் முகத்துக்கு ஒரு மாஸ்க் போட்டாள். ஜன்னலைத் திறந்தாள். பிறகு பிரித்தாள்.

"எட்டு வருஷமா இங்க இருக்கேன். இது ரெண்டாவது."

"முதல்ல வந்தது எப்படி இருந்தது?" என்று கேட்டார் தொட்டிக்காரர், தாழ்ந்த குரலில்.

"அதுல கரப்பான் பூச்சி இருந்தது."

அவருக்கு அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் தொட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"குழாய்த் தண்ணியாத்தான் இருக்கும்."

"காய்ச்சி வடிச்ச தண்ணின்னு கடையில பாட்டில்ல விக்குதே, அதைத்தான் ஊத்தணும்னு வாங்கினப்பவே சொன்னேன். காலையில எழுந்ததும் மிச்சத்தைக் கொட்டிடணும். கொஞ்சம் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி, கழுவிக் கவுத்து வைக்கணும். சாப்பிட்ட தட்டை என்ன செய்வீங்க? மறுநாளும் அதுலயே போட்டு சாப்பிடுவீங்களா? மாஸ்கை தினம் துடைக்கணும். குழாயை வாரம் ஒரு தடவை கழுவித் தொங்கவிடணும். பில்டர்..." அந்தச் சாம்பல் தோலை இடுக்கியால் தூக்கினாள். "இதை நான் பில்டர்னே சொல்லமாட்டேன்."

மகள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "அப்பாவுக்கு நாலு மாசத்துல மூணு தடவை நெஞ்சுச் சளி. தொட்டி கழுவற வேலையால வருதுன்னு டாக்டர் சொல்றார். இன்னைக்கு வேலையை விடப்போறார். இதனால வந்திருக்குமா?"

"இதனாலதான்னு சொல்ல நான் டாக்டர் இல்ல. சளியைப் பரிசோதனை பண்ணினாத்தான் தெரியும். இதை இப்படியே கட்டி எடுத்துட்டுப் போய் அவர் மேசை மேல வைங்க. இப்படி ஒண்ணு வீட்டுல இருக்குன்னு அவருக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. டாக்டர் மிஷின் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். ஜம்முனு ஓடுது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தவர் இவர்தான்.

"பயந்துகிட்டு மிஷினை நிறுத்திடாதீங்க. தூக்கத்துல மூச்சு நிக்கறது இதைவிடப் பெரிய ஆபத்து. இன்னைக்கே புதுத் தொட்டி, புதுக் குழாய், புது மாஸ்க் கொடுக்கறேன்." அவள் மிஷினைக் கம்ப்யூட்டரில் செருகினாள். எந்தெந்த ராத்திரி எவ்வளவு நேரம் ஓடியது என்று அதுவே எழுதி வைத்திருக்கும். "ஒண்ணு மட்டும் பாராட்டணும். ஒரு ராத்திரிகூட விடாம போட்டிருக்கீங்க. பாதிப் பேர் மூணாம் நாளே கழட்டி மூலையில வச்சிடுவாங்க."

தொட்டிக்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஒரு ராத்திரிகூட விடாமலா? போன மாசம் நான் நாலு நாள் வெளியூர்ல இருந்தேனே. மில் குடியிருப்புல பன்னெண்டு தொட்டி. மிஷினை எடுத்துட்டுப் போகல."

"எந்தத் தேதி?"

மகள் சொன்னாள். கடைப் பெண் திரையில் விரலை ஓட்டினாள். "ஓடியிருக்கே. நாலு ராத்திரியும். ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம்."

"சும்மா ஓடவிட்டிருக்கலாமோ?" என்றாள் மகள்.

"சும்மா ஓடினா காத்துக் கசிவு காட்டும். இது முகத்துல பொருந்தியிருக்கு. மூச்சு போய்வந்திருக்கு. இடையில இடையில நின்னும் இருக்கு." அவள் குரலில் இருந்த நறுக்கு குறைந்தது. "வீட்டுல வேற யாராவது இதைப் போட்டுக்கறாங்களா? ஒருத்தர் மாஸ்கை இன்னொருத்தர் போடக்கூடாதுங்க. அதுவும் இந்த மாஸ்கை."

மகள் மேசை மேல் கிடந்த மாஸ்கைப் பார்த்தாள். துடைத்த ரப்பர் விளிம்பு. மூக்கு மேல் சிவப்புத் தடம். அதை இரண்டு முறை கண்ணாடியின் தப்பு என்று நினைத்துக் கொண்டு, குட்டி ஸ்குரூவைத் திருகித் திருகிச் சரிசெய்தவள் அவள்.  

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கும் புரிந்துவிட்டது.

வழியில் டாக்டருக்குப் போன் செய்தார்கள். ஆறு மணிக்கு வரச்சொன்னார். அந்தப் பையையும் எடுத்து வரச்சொன்னார். 

வீடு வந்தபோது மணி நாலேகால். தம்பியின் வண்டி வாசலில் நின்றது. மோட்டார் ஏற்கெனவே வண்டிக்குள் ஏறியிருந்தது, ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா வேலையில் இருந்து திரும்பி, கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, தேய்ப்பானையும் எடுத்துக்கவா? ஏன் அதுல வாந்தி நாத்தம் அடிக்குது?" என்றார் தம்பி.

"ஒரு நிமிஷம் இரு" என்றார் தொட்டிக்காரர்.

மகள் அந்த இரட்டைப் பையைக் கூடத்து நடுவில் வைத்துப் பிரித்தாள். அம்மா எட்டிப் பார்த்தாள். மடித்துக்கொண்டிருந்த துணி கையில் இருந்து நழுவியது. குளியலறைக் கல்லில் ஒரு மயிரிழை கிடந்தால் தூங்காதவள். அடுத்தவர் எச்சில்பட்ட டம்ளரை வெந்நீரில் போட்டு எடுக்காமல் தொடாதவள்.

"என்னடி இது?"

"அப்பாவோட மிஷின் தொட்டி."

"இதுலயா?" அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தினம் நான்தானேடி ஊத்தினேன். மேல இருக்கற ஓட்டை வழியா. அவர் காலையில கழுவி வைப்பார்னு... தொட்டி கழுவறவர்டி அவர். அவர் தொட்டியை நான் கழுவறதான்னு இருந்தேன். உங்கப்பாகிட்ட கேளு, கழுவவே இல்லையான்னு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, அவ கழுவறான்னு நான்..."

மகள் இரண்டு கையையும் தூக்கினாள். "போதும். தபால் ஆபீஸ் மூடியாச்சு. இனிமே ஒரு வார்த்தை கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன். எட்டு வார்த்தை நேரா பேசியிருந்தா இந்தக் கண்றாவி வந்திருக்காது. அந்த மூலையில முதல்ல நின்னது அவ தையல் மிஷின். அவளைக் கேக்காம தூக்கிக் கொடுத்தது நீங்க. ஏழு மாசம் வாயை மூடிக்கிட்டது நீ. கசடை உறிஞ்சினது ரெண்டு பேரும்."

ரெண்டு பேரும் என்றதில் அம்மாவின் தலை நிமிர்ந்தது. வாசலில் தம்பி ஏணிக் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

தொட்டிக்காரர் ஓரடி எடுத்து வைத்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு மனைவி முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பழக்கதோஷத்தில் ஒரு முறை மகள் பக்கம் திரும்பினார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயும் இதைப் போட்டுக்கிட்டியா? நான் ஊர்ல இல்லாத அந்த நாலு ராத்திரி?"

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். சிவப்புத் தடம் மூக்கோடு நிற்கவில்லை. கன்னத்தில் இறங்கி, வாயைச் சுற்றி மங்கலாகப் போயிருந்தது. நேற்று மத்தியானம் வரை தினமும் விழுந்து ஊறிப்போன தடம். இன்னும் மறையவில்லை.

"அந்த நாலு ராத்திரி மட்டும் இல்லைங்க" என்றாள். "எனக்கும் தூக்கத்துல மூச்சு முட்டுது. விடிஞ்சா தலை வெடிக்குது, தைக்கும்போது கண்ணைச் சொக்குது. உங்களுக்கு அதைப் போட்டா சரியாகுதேன்னு ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தேன். வருஷக்கணக்கா தூங்காதவ தூங்கின மாதிரி இருந்தது. அப்புறம் நீங்க வந்துட்டீங்க. வேலையிலேர்ந்து வந்ததும் தினம் மத்தியானம் ரெண்டு மணி நேரம்... துடைச்சுட்டுத்தான் போட்டுக்கிட்டேன். அதோட வாடையை உங்க வாடைன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்றது? என் மிஷினைத் தூக்கின இடத்துல வந்து உக்காந்த மிஷினை, எனக்கும் ஒரு வாய் கொடுங்கன்னு கேக்கறதா?"

 இருமல் வந்தது. காலையில் துவாலைக்குள் மறைத்த இருமல் இல்லை இது. அடிவயிற்றில் இருந்து இழுத்து, ஆளையே மடக்கிவிடுகிற இருமல். தொட்டிக்காரர் தன் வேலைப் பையைத் துழாவினார். கைக்கு வந்தது சாண் அகல வெள்ளைத் துணி. அதை அவள் வாயருகே பிடித்தார், மறுகையால் முதுகைத் தாங்கிக்கொண்டார். அவள் அதில் துப்பினாள். நெற்றி கொதித்தது.

முப்பத்தோரு வருஷமாக எத்தனையோ வீட்டுக்காரர்கள் கையில் அந்தத் துணியை விரித்து வைத்தவர் அவர். இதை மட்டும் அவர் விரித்துப் பார்க்கவில்லை. விளிம்போடு விளிம்பு சேர்த்து நாலாக மடித்து, மகள் நீட்டிய கவரில் போட்டார்.  ஆனால் வெள்ளைத் துணி வெள்ளைத் துணிதானே. மடிப்புக்கு வெளியேயும் சிவப்பு தெரிந்தது. மகள் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, ஏணியும் கட்டியாச்சு. கிளம்பவா?" என்றார் தம்பி, என்ன சொல்வதென்று தெரியாமல்.

"இறக்கு."

"எதை?"

"மோட்டாரை, ஏணியை, எல்லாத்தையும் இறக்கு. ஆறு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே டாக்டர்கிட்ட போறோம். வண்டியில இவளைப் படுக்க வைக்கணும்." மனைவியின் செருப்பை வாசலில் இருந்து தானே எடுத்துவந்து காலருகே வைத்தார். "போட்டுக்க. மெதுவா. நான் பிடிச்சுக்கறேன்."